இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம்? – வாசகர் கேள்வி பதில்

விமானப் பயணத் தூரம், பறக்கும் நேரம் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை நிறையவே சேர்ந்துவிட்டன. ஒரே பொருள் பற்றியவற்றை ஒன்றாக்கி, கணக்கு தேவைப்பட்ட இடங்களில் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறோம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் உள்ள புரூம் நகரிலிருந்து டாஸ்மேனியாவில் உள்ள ஹோபார்ட் நகருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் தேடினால் தூரம் 3,650 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 5 மணி 4 நிமிடம் என்று வருகிறது. ஆனால் டிக்கெட் பார்க்கும்போது எட்டு மணி நேரம், பதினோரு மணி நேரம் என்றெல்லாம் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: தூரத்தை நம்புங்கள், அந்த 5 மணி 4 நிமிடத்தை மறந்துவிடுங்கள். அது எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் ஏன் மறக்கச் சொல்கிறோம் என்பது புரியும். இத்தகைய தளங்கள் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, பூமியின் மேற்பரப்பில் அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகின்றன. பிறகு அதை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் கூட்டிவிடுகின்றன. 3,650ஐ 800ஆல் வகுத்தால் 4 மணி 34 நிமிடம். அதனுடன் 30 நிமிடம் சேர்த்தால் நீங்கள் பார்த்த எண் வந்துவிடும். அந்த இரு ஊர்களுக்கு இடையே விமானம் ஓடுகிறதா, ஓடினால் எந்த வகை விமானம், அன்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் எதையும் அந்தக் கணக்கு கேட்பதில்லை.

பெரு நகரங்களுக்கு இடையே இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும், ஏனெனில் அங்கே நேரடி விமானங்கள் உண்டு. வட்டார விமான நிலையங்கள் இரண்டு ஒரு நாட்டின் இரு மூலைகளில் இருந்தால் நிலைமை வேறு. அவற்றை நேரடியாக இணைக்குமளவுக்குப் பயணிகள் இருப்பதில்லை. எனவே ஒரு பெரிய நிலையத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். உங்கள் பயணத்துக்கு மெல்போர்ன் வழியாகவோ பெர்த் வழியாகவோ செல்லலாம் என்று வைத்துக்கொண்டு, அதே சூத்திரத்தை ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டுப் பார்ப்போம்.

புரூமிலிருந்து மெல்போர்ன் ஏறத்தாழ 3,106 கிலோமீட்டர், மெல்போர்னிலிருந்து ஹோபார்ட் ஏறத்தாழ 616 கிலோமீட்டர், ஆக 3,722. நேர்த் தூரத்தைவிட எழுபது கிலோமீட்டர்தான் அதிகம், ஏனெனில் மெல்போர்ன் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. பெர்த் அப்படியல்ல. புரூமிலிருந்து பெர்த் 1,678 கிலோமீட்டர், பெர்த்திலிருந்து ஹோபார்ட் 3,016 கிலோமீட்டர், கூட்டினால் 4,694. அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றுகிறீர்கள். மெல்போர்ன் வழியில் இரு கட்டங்களுக்கும் சேர்த்து 5 மணி 39 நிமிடம். பெர்த் வழியில் 6 மணி 52 நிமிடம். மாறும் இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பதாகக் கொண்டால் முதலாவது சுமார் 7 மணி 40 நிமிடம், இரண்டாவது சுமார் 8 மணி 50 நிமிடம் ஆகிறது. பதினோரு மணி நேரம் என்று காட்டும் டிக்கெட்டில் கூடுதல் நேரம் முழுவதும் வானத்தில் கழிவதில்லை. அடுத்த விமானத்துக்காக நாற்காலியில் கழிகிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. புரூம் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவைவிட டாஸ்மேனியாவின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது; அக்டோபர் தொடக்கம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை டாஸ்மேனியாவில் கோடைகால நேர மாற்றம் இருப்பதால் அது மூன்று மணி நேரமாகிறது. மேற்கு ஆஸ்திரேலியா கடிகாரத்தை மாற்றுவதில்லை. காலை 10 மணிக்குப் புறப்பட்டு 7 மணி 40 நிமிடம் பயணம் செய்தால் ஹோபார்ட் கடிகாரத்தில் ஜூலையில் இரவு 7.40, ஜனவரியில் இரவு 8.40. டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, வருகை இரண்டையும் நேரடியாகக் கழித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரே பயணம் ஒரு பருவத்தில் 9.40 மணி நேரமாகவும் இன்னொரு பருவத்தில் 10.40 மணி நேரமாகவும் தோன்றும். டிக்கெட்டில் அச்சிடப்படும் நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமே என்பதை மனத்தில் வைத்துக் கழியுங்கள்.

கேள்வி: அதே இரு ஊர்களுக்கு ஒரு தளம் 3,650 என்கிறது, இன்னொன்று 2,268 என்கிறது, மூன்றாவது 1,971 என்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

பதில்: மூன்றும் ஒரே தூரம்தான். முதல் எண் கிலோமீட்டரில், இரண்டாவது மைலில், மூன்றாவது கடல் மைலில் இருக்கின்றன. ஒரு கடல் மைல் என்பது துல்லியமாக 1.852 கிலோமீட்டர். விமானிகள் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை நாட் என்ற அலகிலும் சொல்கிறார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். இதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. பூமியின் மையத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் மேற்பரப்பில் எவ்வளவு நீளமோ, ஏறத்தாழ அதுவே ஒரு கடல் மைல். ஆகவே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்று தெரிந்தால் அறுபதால் பெருக்கினால் போதும், தூரம் கிடைத்துவிடும். புரூமுக்கும் ஹோபார்ட்டுக்கும் இடையிலான வில் 32.8 பாகை சொச்சம். அறுபதால் பெருக்கிப் பாருங்கள், 1,970க்கு அருகில் வந்து நிற்கும்.

ஒரே அலகில் இரு தளங்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேறுபட்டால் அதற்கும் வியப்படைய வேண்டாம். சில தளங்கள் பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழுக் கோளமாகக் கொள்கின்றன. உண்மையில் பூமி நிலநடுக்கோட்டில் சற்றுப் புடைத்திருக்கிறது. அங்கே ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தத் தட்டை வடிவத்தையும் கணக்கில் எடுக்கும் வின்சென்டியின் முறை 1975ஆம் ஆண்டு வெளியானது. இரு முறைகளுக்கும் இடையே அரை சதவீதம் வரை வேறுபாடு வரலாம். பயணிக்கு அது பொருட்டே அல்ல.

கேள்வி: இருக்கைத் திரையில் காட்டும் வரைபடத்தில் விமானம் வில் போல வளைந்து செல்கிறதே, நேராகப் போனால் தூரம் குறையாதா?

பதில்: திரையில் நேர்கோடு வரைந்து அதன் மேல் விமானத்தை ஓட்டினால்தான் தூரம் கூடும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது ஏதோ ஒன்றைச் சிதைத்தே ஆக வேண்டும். மெர்கேட்டர் 1569இல் வெளியிட்ட வரைபட முறை கப்பலோட்டிகளின் தேவைக்காகத் திசைகளைச் சரியாக வைத்துக்கொண்டது. அதற்கு விலையாக, துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பை இழுத்துப் பெரிதாக்கியது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அது சரிபாதியாகிவிடுகிறது. வரைபடத்திலோ இரண்டும் ஒரே அகலம்.

நார்வேயின் பெர்கன், அலாஸ்காவின் ஆங்கரேஜ் இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 60 பாகைக்குச் சற்று வடக்கே இருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு போட்டு இணைத்துவிடலாம் போலிருக்கும். அந்தக் கிடைக்கோட்டின் வழியே, அதாவது அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு பறந்தால் தூரம் சுமார் 8,440 கிலோமீட்டர். வடக்கே ஏறி, துருவத்துக்கு அருகே கடந்து, மறுபக்கம் இறங்கினால் சுமார் 6,340 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பறப்பு மிச்சமாகிறது. பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதி அந்த இரண்டாவது பாதை. கையில் ஒரு பூமி உருண்டையும் ஒரு நூலும் இருந்தால், இரு ஊர்களிலும் நூலைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். அது தானாக வடக்கே நகர்ந்து அந்தப் பாதையில்தான் படியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களுக்கும், நேர் வடக்குத் தெற்காக அமைந்த ஊர்களுக்கும் இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: விமானி “பறக்கும் நேரம் 58 நிமிடம்” என்று அறிவிக்கிறார். டிக்கெட்டிலோ 1 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது. மீதி நேரம் எங்கே போகிறது?

பதில்: விமானி சொல்வது சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவது முதல் மீண்டும் தரையைத் தொடுவது வரையிலான நேரம். டிக்கெட்டில் இருப்பது நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த நிலையத்தில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்பது வரையிலானது. விமானத் துறையில் இதைப் பிளாக் டைம் என்கிறார்கள். இடையே ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும், வரிசையில் நிற்கும் நேரமும், இறங்கிய பின் ஊர்ந்து வரும் நேரமும் அடங்கும். வட்டார நிலையத்தில் இது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய நிலையத்தில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும், இருபது நிமிடம் சாதாரணம். எனவே சிறிய ஊரிலிருந்து பெரிய ஊருக்கும் பெரிய ஊரிலிருந்து சிறிய ஊருக்கும் ஒரே தூரமானாலும் அட்டவணை நேரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதில் நிறுவனங்களின் சாமர்த்தியமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் விமானம் குறித்த நேரத்தில் வந்ததாகவே துறையில் கணக்கிடுவார்கள். அட்டவணையிலேயே பத்து நிமிடம் தாராளமாகப் போட்டுவிட்டால் தாமதம் என்ற பேச்சு குறையும். “குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கியிருக்கிறோம்” என்ற அறிவிப்பைக் கேட்டுப் பயணிகள் மகிழ்வது பெரும்பாலும் இதனால்தான். ஆனாலும் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு நெருக்கிப் போட்ட அட்டவணையைவிடத் தளர்வாகப் போட்ட அட்டவணையே பாதுகாப்பு.

அட்டவணைக்கும் பறப்புக்கும் உள்ள உறவு வேடிக்கையாக இருக்கும் இடம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள். வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான், 1967 முதல் அங்கே சிறு விமானச் சேவை நடக்கிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடித்திருக்கிறார்கள்.

கேள்வி: கிழக்கே போகும்போது ஏழு மணி நேரம், திரும்பி மேற்கே வரும்போது எட்டு மணி நேரம். பூமி சுழல்வதால் இப்படி ஆகிறது என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரிதானா?

பதில்: உங்கள் நண்பர் நினைக்கும் வகையில் சரியல்ல. பூமி நம் காலடியில் சுழன்று ஊர்களை நகர்த்தித் தருகிறது என்றால், நிலநடுக்கோட்டில் அந்தச் சுழற்சி வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர்; மேற்கு நோக்கிச் செல்லும் விமானம் பாதி நேரத்துக்கும் குறைவாகவே போய்ச் சேர வேண்டும். உண்மையில் மேற்குப் பயணம்தானே நீள்கிறது? வளிமண்டலமும் பூமியுடன் சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈக்கு ரயிலின் வேகம் ஒரு தடையாகவோ உதவியாகவோ இருப்பதில்லை அல்லவா, அதுபோல.

வித்தியாசத்தை உண்டாக்குவது ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயரக் காற்றோட்டம். தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பெரிய விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக அது ஓடுகிறது. மணிக்கு 100 முதல் 200 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். சில நேரம் 400ஐயும் தாண்டும். துருவக் குளிருக்கும் வெப்பமண்டலச் சூட்டுக்கும் உள்ள வேறுபாடே அதை இயக்குகிறது. அந்த வேறுபாடு குளிர்காலத்தில் அதிகமாக இருப்பதால் காற்றும் அப்போது வலுக்கிறது. அது மேற்கிலிருந்து கிழக்காக வளைவதற்குப் பூமியின் சுழற்சி காரணம்; அந்த அளவில் உங்கள் நண்பரின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்று வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம். இந்தக் காற்றை 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் அவற்றை அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். சுலபமாக இருக்கட்டும் என்று 5,500 என்று வைத்துக்கொள்வோம். காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு, காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 6 மணி 7 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000. பயணம் 5 மணி 30 நிமிடம். அதே காற்று எதிரே வீசினால் வேகம் 800. பயணம் 6 மணி 53 நிமிடம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: போகும்போது 37 நிமிடம் மிச்சம், வரும்போது 46 நிமிடம் நட்டம். போய்த் திரும்பினால் காற்றின் வரவும் செலவும் நேராகிவிடும் என்பது தவறு. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருப்பதால் மொத்தத்தில் நட்டமே மிஞ்சும்.

இந்த நட்டத்தைக் குறைக்கத்தான் அட்லாண்டிக் மீது வான்பாதைகளை ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கிறார்கள். மேற்கே செல்லும் பகல் பாதைகளை ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே செல்லும் இரவுப் பாதைகளை கனடாவின் கேண்டர் மையமும் அன்றன்றைய காற்றைப் பார்த்து வெளியிடுகின்றன. கிழக்கே போகிறவர்கள் காற்றோட்டத்தின் நடுவே நுழைகிறார்கள். மேற்கே போகிறவர்கள் அதை விட்டு விலகிச் சுற்றிப் போகிறார்கள். சுற்றுவதால் கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறைகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,280 கிலோமீட்டரைத் தாண்டியும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை, ஏனெனில் அந்த வரம்பு சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. அந்தக் காற்றே விமானத்தைச் சுமந்துகொண்டு ஓடியது.

கேள்வி: எங்கள் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் விசிறி வைத்த சிறு விமானம் வருகிறது. ஜெட் விமானத்தைவிட எவ்வளவு நேரம் கூடும்?

பதில்: தூரத்தைப் பொறுத்தது. சுமார் எழுபது பேர் அமரும் ஏடிஆர் 72 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஜெட் விமானம் 800க்கு மேல். 350 கிலோமீட்டர் பயணத்தில் கணக்குப்படி முன்னதற்கு 42 நிமிடம், பின்னதற்கு 26 நிமிடம்; வித்தியாசம் பதினாறே நிமிடம். நடைமுறையில் அதுவும் சுருங்கிவிடும், ஏனெனில் பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே எந்த விமானமும் 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. குறுகிய பயணத்தில் ஜெட் விமானம் தன் முழு வேகத்தை எட்டும்போதே இறங்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. 1,200 கிலோமீட்டர் என்றால் கதை வேறு: ஏறத்தாழ 2 மணி 24 நிமிடமும் ஒன்றரை மணி நேரமுமாக, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிந்துவீர்கள்.

ஆனால் உங்கள் ஊருக்கு ஜெட் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஓடுபாதையாகத்தான் இருக்கும். ஏடிஆர் விமானத்துக்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை போதும். நார்வேயின் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஓடுபாதை 800 மீட்டர் அளவே. டேஷ் 8 வகையின் சிறிய விமானங்கள்தான் அங்கே இறங்க முடியும். முன்பதிவு செய்யும்போது விமான வகையின் குறியீட்டைப் பாருங்கள்: ஏடி7 என்றால் ஏடிஆர் 72, டிஎச்4 என்றால் டேஷ் 8-400. இவை உயரம் குறைவாகப் பறப்பதால் மேகத்தின் ஆட்டம் சற்று அதிகமாகத் தெரியும்.

கேள்வி: புறப்பட்ட நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேர முடியுமா?

பதில்: தாராளமாக. சமோவாவின் அப்பியாவுக்கு அருகே உள்ள ஃபலியோலோ நிலையத்திலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு 150 கிலோமீட்டர் அளவுதான் தூரம். பறப்பது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இடையே சர்வதேசத் தேதிக் கோடு போகிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு சமோவா கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. இப்போது இரு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டும். தேதி மட்டும் ஒரு நாள் வேறுபடும். செவ்வாய் காலை கிளம்பினால் திங்கள் காலை இறங்கலாம். திரும்பி வரும்போது அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: பெருவட்டப் பாதைதான் குறுகியது என்றால் எல்லா விமானங்களும் அதிலேயே போக வேண்டியதுதானே? சில விமானங்கள் கடலைத் தவிர்த்தும் சில நாடுகளைச் சுற்றியும் போவது ஏன்?

பதில்: இரு எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், மற்றொன்றின் உதவியால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு நிலையத்தில் இறங்க முடிய வேண்டும் என்பது விதி. முன்பு அந்த வரம்பு 60 நிமிடமாக இருந்தது. அதனால் பெருங்கடலின் நடுவே செல்வது மூன்று, நான்கு எஞ்சின் விமானங்களின் தனியுரிமையாகவே இருந்தது. 1985இல் 120 நிமிடம் வரை அனுமதி கிடைத்ததும் அட்லாண்டிக் பயணத்தின் முகமே மாறியது. 2014இல் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை சான்று தந்தார்கள். நிலையங்கள் அரிதான தென் அரைக்கோளத்தில்தான் இந்த விதியின் பிடி இன்றும் அதிகம் உணரப்படுகிறது.

நாடுகளைச் சுற்றிப் போவதற்குக் காரணம் வான்வெளி அனுமதி. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேலே பறந்து ஒன்பதரை மணி நேரம் போல ஆகிக்கொண்டிருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் பின்லாந்தின் விமானங்கள் வடதுருவத்தின் பக்கமாகவோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்ற வேண்டியதாயிற்று. பயணம் சுமார் 13 மணி நேரமானது. தூரம் காட்டும் தளங்களில் இன்றும் அந்தப் பழைய 7,800தான் நிற்கிறது, ஏனெனில் அவற்றின் சூத்திரத்துக்கு நாட்டு எல்லை தெரியாது.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் தூரக் கணக்கு தவறிவிடுமே?

பதில்: தூரம் மட்டுமா, ஆளே தவறிப் போனதுண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு டிக்கெட் எடுத்ததாக நினைத்துக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். முதலாவதன் குறியீடு எஸ்ஒய்டி, இரண்டாவதன் குறியீடு ஒய்கியூஒய். போர்ட்லாண்ட் அமெரிக்காவின் ஒரிகனிலும் உண்டு, மெயினிலும் உண்டு. கோஸ்டாரிகாவிலும் கலிஃபோர்னியாவிலும் சான் ஹோசே உண்டு. ஊர்ப் பெயரைத் தட்டாமல் மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டித் தேடுவதே பாதுகாப்பு. சிறிய விமான நிலையங்கள் விஷயத்தில் இது கட்டாயம்.

கேள்வி: இடையில் மாறுவதற்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஐம்பது நிமிடம் போதும் என்று முன்பதிவுத் தளமே காட்டுகிறது.

பதில்: ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்றை நிர்ணயித்திருக்கிறார்கள், அதற்குக் குறைவான இணைப்பைத் தளம் ஒரே டிக்கெட்டாக விற்காது. எல்லாம் சரியாக நடந்தால் ஓடிப் பிடிக்கலாம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நாளொன்றுக்குப் பத்து விமானங்கள் உள்ள ஊருக்குப் போகிறவர் அந்த ஐம்பது நிமிடத்தை நம்பிப் பார்க்கலாம். தவறினால் அடுத்தது வரும். வட்டார நிலையத்துக்கோ பல இடங்களில் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். கடைசி விமானத்தைத் தவறவிட்டால் இழப்பது ஐம்பது நிமிடமல்ல, ஓர் இரவு. எனவே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமலும், வெளிநாட்டிலிருந்து வந்து குடிநுழைவுச் சோதனையைக் கடந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுவதானால் மூன்று மணி நேரமும் விடுவதே எங்கள் ஆலோசனை.

இரு கட்டங்களையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் இடம் தேடித் தருவது அப்போது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். டிக்கெட்டும் பெரும்பாலும் வீணாகிவிடும். முதல் நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும்போது அதில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள். பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது மாறும் நிலையத்தின் குறியீடாக இருந்தால் அங்கே பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் சேர்த்து நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் ஊரின் குறியீடாக இருந்தால் பெட்டி தானாக வந்துவிடும், நீங்கள் வந்தால் போதும்.